துட்டி சொல்ல வந்தவரும் செய்தியின் முதல் பத்தியும்

செல்பேசி வருவதற்கு முந்தைய காலத்தில், எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் இறப்பு நேர்ந்தால், உறவினர் இருக்கும் ஊர்களுக்கு ஆள் அனுப்பித் துட்டி சொல்லுவார்கள். அப்படி வருகிறவர் வீட்டுக்குள் நுழைய மாட்டார். வாசலில் நின்றபடியே, "கல்லிடைக்குறிச்சிப் பெரியப்பா காலையில தவறிட்டாங்க, சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்காங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஊருக்குப் பேருந்து பிடிக்கக் கிளம்பிவிடுவார். யார், என்ன, எங்கே, எப்போது என்ற நான்கு கேள்விகளுக்கும், 'இனி நாம் என்ன செய்ய வேண்டும்' என்ற சொல்லப்படாத ஐந்தாவது கேள்விக்கும் அந்த ஒரு வாக்கியத்தில் விடை இருந்தது. எப்படி, ஏன் என்பவற்றை வீட்டார் அழுதபடியே கேட்டால் மட்டும் சொல்லுவார், அதுவும் சுருக்கமாக.

அதே மனிதர் பத்து நாள் கழித்துத் தேநீர்க் கடையில் அதே சாவைப் பற்றிப் பேசும்போது வேறு ஆளாகிவிடுவார். சித்திரையில் பெரியப்பாவுக்குக் கால் வீங்கியதிலிருந்து தொடங்கி, பாளையங்கோட்டை மருத்துவமனைக்குப் போனது, நாட்டு வைத்தியரைப் பார்த்தது, மகன் விடுப்புக் கிடைக்காமல் தவித்தது என்று நடந்த வரிசையிலேயே நகர்த்தி, சாவுக்கு வருவதற்குள் இரண்டாவது தேநீர் ஆறிப்போயிருக்கும். கேட்பதற்கு இது சுவையான முறைதான். ஆனால், செய்தி எழுதப் பழகுகிறவர்கள் அனைவரும், நானும் அவர்களில் ஒருவனாக இருந்தேன், வாசலில் நின்று சொல்ல வேண்டியதைத் தேநீர்க் கடையில் சொல்வதுபோல எழுதிவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்தின் பின்னறையில் ஆறேழு இளைஞர்களுக்குச் செய்தி எழுதக் கற்றுக்கொடுத்து வருகிறேன். அங்கு திரும்பத் திரும்பப் பேச நேர்வதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

தொண்ணூறுகளின் இறுதியில் அம்பாசமுத்திரம் வட்டாரத்துக்கு ஒரு நாளிதழின் பகுதி நேர நிருபராகச் சேர்ந்தேன். மாதச் சம்பளம் கிடையாது. வெளியான செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு. அரைத்தாளில் கையால் எழுதி, உறையிலிட்டு, மேலே 'செய்தி, அவசரம்' என்று கொட்டை எழுத்தில் எழுதித் திருநெல்வேலிப் பேருந்தின் நடத்துநரிடம் கொடுத்துவிட்டால், ஜங்ஷனில் அலுவலகப் பையன் வந்து வாங்கிக்கொள்வான். நான் அனுப்பிய முதல் பெரிய செய்தி, கார் பருவ நெல் சாகுபடிக்குக் கன்னடியன் கால்வாயில் தண்ணீர் திறக்கக் கோரி விவசாயிகள் நடத்திய சாலை மறியல். நாற்றுப் பாவிவிட்டு வானத்தையும் மதகையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். விடியற்காலையில் அவர்கள் கூடியது, வேப்பமரத்தடியில் பேசியது, முதல் பேருந்தை மறித்தது, பள்ளிப் பிள்ளைகள் இறங்கி நடந்தது என ஆறு அரைத்தாள்கள் எழுதினேன். அதிகாரிகள் வந்து வெள்ளிக்கிழமை மதகைத் திறப்பதாக உறுதியளித்ததும் மறியல் முடிந்தது என்பது ஆறாவது தாளின் கடைசி இரண்டு வரிகளில் இருந்தது.

மறுநாள் முதல் இரண்டு தாள்களின் அளவே அச்சாகியிருந்தது. வேப்பமரம் இருந்தது, பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள். மறியலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் நாளிதழை மடித்தபடி என்னிடம் கேட்டார்: "எல்லாம் நல்லா எழுதியிருக்கீரு தம்பி. தண்ணி எப்பம் வரும்னு எழுதலையே?" அலுவலகத்தின் மீது கோபத்தோடு மறுநாள் திருநெல்வேலிக்குப் போனவன், அங்கே பக்கம் தயாராவதைப் பார்த்த பிறகு வாய் திறக்காமல் திரும்பினேன். இரவு பத்தரை மணிக்கு ஒரு விளம்பரம் வந்து விழுகிறது. பக்கம் கட்டுகிறவருக்கு எட்டு நிமிடம் இருக்கிறது. அவர் எந்தச் செய்தியையும் முழுமையாகப் படித்துப் பார்த்து வெட்டுவதில்லை, அடியிலிருந்து வெட்டுகிறார். நான் தண்ணீரை அடியில் வைத்திருந்தேன்.

இதழியல் பாடங்களில் 'தலைகீழ்ப் பிரமிடு' என்று சொல்லப்படுவது இதைத்தான். அகன்ற அடிப்பாகம் மேலே வந்துவிடுகிறது. முக்கியமானது முதலிலும், அதைத் தாங்கும் விவரம் அடுத்தும், பின்னணி அதற்கும் கீழுமாக அமைந்து, எந்த இடத்தில் வெட்டினாலும் மேலே நிற்பது முழுச் செய்தியாகவே இருக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1861 முதல் 1865 வரை, தந்திக் கம்பி எப்போது அறுபடும் என்ற அச்சத்தில் நிருபர்கள் முடிவை முதலில் அனுப்பப் பழகியதால் இந்த வடிவம் பிறந்தது என்று பரவலாகச் சொல்லப்படுவதுண்டு. அக்காலத்து இதழ்களை ஆராய்ந்தவர்கள், போருக்குப் பின்னும் நெடுநாள் வரை செய்திகள் பெரும்பாலும் நிகழ்ச்சி வரிசையிலேயே எழுதப்பட்டன என்றும், அந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் இவ்வடிவம் நிலைபெற்றது என்றும் காட்டியிருக்கிறார்கள். எனக்கு இந்த வழக்கில் பெரிய அக்கறை இல்லை; துட்டி சொல்ல வந்தவர் எந்தத் தந்தி அலுவலகத்திலும் படித்தவர் அல்லர். இன்று கத்தரிக்கோல் போய்விட்டது. திரையைத் தள்ளும் கட்டைவிரல் அதைவிட விரைவாக வெட்டுகிறது.

தமிழில் முதல் பத்தி எழுதுவதற்கென்றே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஆங்கிலப் பாடநூலை அப்படியே மொழிபெயர்த்து நடத்துகிறவர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. ஆங்கில வாக்கியத்தில் எழுவாயை அடுத்து வினை வந்துவிடும். யார் என்ன செய்தார் என்பது நான்காவது சொல்லுக்குள் தெரிந்துவிட, மற்றவை பின்னால் தொங்கிக்கொண்டு வரும். தமிழில் வினைமுற்று கடைசியில் நிற்கிறது. போதாக்குறைக்குப் பெயரெச்சமும் வினையெச்சமும் நமக்குத் தடையின்றிக் கிடைக்கின்றன. ஒரு பெயருக்கு முன்னால் எத்தனை எச்சங்களை வேண்டுமானாலும் அடுக்கலாம், இலக்கணம் நம்மைத் தடுக்காது. என் மறியல் செய்தியை முக்கியமானது முதலில் வரும்படி திருத்தி எழுதுமாறு பையன்களிடம் கொடுத்தபோது ஒருவர் இப்படி எழுதினார்:

"கார் சாகுபடிக்காக நாற்றுப் பாவி இருபது நாள்கள் ஆகியும் கன்னடியன் கால்வாயில் தண்ணீர் திறக்கப்படாததைக் கண்டித்தும் உடனடியாகத் திறக்க வலியுறுத்தியும் கல்லிடைக்குறிச்சி அருகே சேரன்மகாதேவி – அம்பாசமுத்திரம் சாலையில் நேற்றுக் காலை விவசாயிகள் நடத்திய மறியலால் இரண்டு மணி நேரம் போக்குவரத்துப் பாதிக்கப்பட்டதையடுத்து நேரில் வந்து பேச்சுவார்த்தை நடத்திய பொதுப்பணித் துறை அதிகாரிகள் வெள்ளிக்கிழமை தண்ணீர் திறப்பதாக உறுதியளித்ததால் மறியல் கைவிடப்பட்டது."

பிழையில்லாத வாக்கியம். எல்லாக் கேள்விக்கும் விடை இருக்கிறது. ஆனாலும், தண்ணீர் மறுபடியும் அடியில்தான் கிடக்கிறது. ஆறாவது தாளின் அடியில் இருந்தது இப்போது ஒரு வாக்கியத்தின் அடிக்கு வந்திருக்கிறது, அவ்வளவே. தமிழில் முதல் பத்தியைக் காப்பாற்ற ஒரே வழி, அதை இரண்டு, மூன்று சிறு வாக்கியங்களாக உடைப்பதுதான். "கன்னடியன் கால்வாயில் வெள்ளிக்கிழமை தண்ணீர் திறப்பதாகப் பொதுப்பணித் துறை அதிகாரிகள் உறுதியளித்துள்ளனர். இதையடுத்து, கல்லிடைக்குறிச்சி அருகே விவசாயிகள் நேற்று நடத்திய சாலை மறியல் இரண்டு மணி நேரத்துக்குப் பின் கைவிடப்பட்டது." இதில் இன்னொன்றையும் கவனிக்கலாம். 'வெள்ளிக்கிழமை தண்ணீர் திறக்கப்படும்' என்று நான் எழுதவில்லை. மதகின் சாவி நிருபரிடம் இல்லை. உறுதி அளித்தது அதிகாரிகள், அது அவர்கள் பொறுப்பு.

யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி என்ற ஆறையும் முதல் பத்தியிலேயே திணித்துவிட வேண்டும் என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது வேண்டியதில்லை. ஆறில் ஒன்றோ இரண்டோதான் ஒரு செய்தியின் ஆணியாக இருக்கும். அது எது என்று கண்டுபிடிப்பதே நிருபரின் வேலையில் பாதி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஓர் ஆண்டு முழுவதும் அந்த மாவட்டத்தில் சராசரியாகப் பெய்யும் மழையைவிட அது அதிகம். அங்கே செய்தியின் ஆணி 'எவ்வளவு' என்பது. அதே மழையில், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோக, சுமார் 800 பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கிக்கொண்டார்கள். அங்கே ஆணி 'யார், எங்கே' என்பது. எத்தனை சென்டிமீட்டர் என்பது நான்காவது பத்திக்குப் போகலாம். ஒரே மழை, அதே ஆறு கேள்விகள், இரண்டு முதல் பத்திகள்.

வகுப்பில் நான் விரும்பிக் கொடுக்கும் பயிற்சி ஒன்று உண்டு. 1911 ஜூன் 17 அன்று மாலை, நீங்கள் மணியாச்சி சந்திப்பில் இருக்கும் நிருபர். செய்தியை எழுதுங்கள் என்பேன். எல்லாருமே "செங்கோட்டையில் பிறந்த வீரன் வாஞ்சிநாதன்" என்று தொடங்குவார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் பாலோடு ஊட்டப்பட்டது. இன்று அந்த நிலையமே வாஞ்சி மணியாச்சி என்றுதான் அழைக்கப்படுகிறது. ஆனால், அன்றைக்கு நடைமேடையில் நின்றிருந்தவருக்குத் தெரிந்தது என்ன? திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் ஆஷ், மனைவியுடன் கொடைக்கானலுக்குச் செல்லும் வழியில், ரயில் பெட்டியில் அமர்ந்திருந்தபோது சுடப்பட்டார். சுட்ட இளைஞர் நடைமேடையில் இருந்த கழிப்பறைக்குள் ஓடித் தம்மையே சுட்டுக்கொண்டு இறந்தார். அவர் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. அவ்வளவுதான். சுட்டவரின் பெயரை உறுதிசெய்யாத நிலையில் 'ஓர் இளைஞர்' என்றுதான் எழுத முடியும். 'ஏன்' என்பதற்கு, கடிதத்தை நீங்களே பார்த்திருந்தால் கடிதத்தில் உள்ளபடி, பார்க்காவிட்டால் ஒன்றுமே இல்லை. முதல் பத்தியின் எழுவாய் ஆட்சியர்தான். அதுவும் அவருடைய பெயரைவிட முன்பாக அவருடைய பதவி வர வேண்டும், ஏனென்றால் அன்றைய வாசகரை நிமிர்ந்து உட்காரவைத்தது ஆஷ் என்ற ஓசை அன்று, ஒரு மாவட்ட ஆட்சியர் சுடப்பட்டார் என்பது.

இதைச் சொல்லும்போது ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் முகம் வாடுவார். வாஞ்சியைக் குறைத்துவிட்டதாக அவருக்குத் தோன்றும். நூறாண்டுக்குப் பின் எழுதுகிற வரலாற்றில் வாஞ்சிநாதன் எழுவாயாக இருக்கட்டும். அன்று மாலை எழுதுகிறவருக்கு அன்று மாலை வரை தெரிந்தது மட்டுமே உடைமை.

தெரிந்தது என்றால், யார் சொல்லித் தெரிந்தது? தமிழ்ச் செய்திகளில் 'கூறப்படுகிறது' என்று ஒரு சொல் உலவுகிறது. செயப்பாட்டு வினை என்பதால் சொன்னவர் யார் என்று சொல்லாமலே தப்பித்துக்கொள்ளலாம். "குடும்பத் தகராறே காரணம் என்று கூறப்படுகிறது." கூறியது யார்? காவல் ஆய்வாளரா, பக்கத்து வீட்டுக்காரரா, வண்டி நிறுத்தத்தில் நின்றவரா? மூன்றுக்கும் மூன்று விலை. என்னிடம் படிக்கிறவர்கள் 'கூறப்படுகிறது' என்று எழுதினால், அதற்கு மேலே ஒரு நாற்காலி வரைந்து, 'இதில் யாரையாவது உட்காரவையுங்கள்' என்று எழுதித் திருப்பிக் கொடுப்பேன். உட்காரவைக்க ஆள் இல்லையென்றால் அந்த வாக்கியமே வேண்டாம். சொன்னதைச் சொல்லும் வினைகளிலும் கவனம் தேவை. 'கூறினார்', 'தெரிவித்தார்' என்பவை யார் பக்கமும் சாயாதவை. 'ஒப்புக்கொண்டார்' என்று எழுதினால் குற்றத்தை நாமே தீர்மானித்தாயிற்று. 'குற்றஞ்சாட்டினார்' என்று எழுதினால், குற்றம் சாட்டப்பட்டவரிடமும் ஒரு வார்த்தை கேட்டு அதே செய்தியில் போட்டாக வேண்டும். மறுநாள் செய்தியில் போடுவது, சாப்பாடு முடிந்த பிறகு ரசம் ஊற்றுவது போல.

'இதனால் அப்பகுதியில் பெரும் பரபரப்பு ஏற்பட்டது' என்ற வாக்கியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாம்பு பிடிபட்டாலும் அதே பரபரப்பு, பாலம் இடிந்தாலும் அதே பரபரப்பு. நானே சில நூறு தடவை எழுதியிருப்பேன். பரபரப்பு ஏற்பட்டிருந்தால் அது கண்ணுக்குத் தெரிந்திருக்கும். கடைகள் அடைக்கப்பட்டனவா, பேருந்து சுற்றிப்போனதா, எத்தனை நேரம் என்று எழுதிவிட்டால் அந்தச் சொல் தானாக உதிர்ந்துவிடும்.

எங்கே, எப்போது என்பவை எளிய கேள்விகள் என்று நினைத்து அதிகமாக வழுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தென்காசி 2019 நவம்பர் 22 முதல் தனி மாவட்டம். இன்னமும் 'நெல்லை மாவட்டம் சங்கரன்கோவில்' என்று பழக்கத்தில் எழுதிவிடுகிறார்கள். நமக்கு 'டவுன்' என்றால் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள பகுதி, 'ஜங்ஷன்' என்றால் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதி. சென்னையில் இருந்து படிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான், அவருக்கும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது. மழையளவில் 'எப்போது' என்பது இன்னும் நுட்பமானது. வானிலை ஆய்வு மையம் ஒரு நாள் மழை என்று தருவது காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரக் கணக்கு. ஆகவே, 18ஆம் தேதி மழை என்று பட்டியலில் இருப்பதில் பெரும்பகுதி 17ஆம் தேதி பகலிலும் இரவிலும் பெய்தது. இதைத் தெரிந்துகொள்ளாமல் எழுதினால், வெயில் அடித்த நாளில் வெள்ளம் வந்ததாகச் செய்தி வரும்.

அணைகளைப் பற்றி எழுதாத நெல்லை நிருபர் கிடையாது. பாபநாசம் அணையின் முழு நீர்மட்டம் 143 அடி, மணிமுத்தாறின் முழு நீர்மட்டம் 118 அடி. இதை '143 அடி கொள்ளளவு கொண்ட பாபநாசம் அணை' என்று எழுதுவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அடி என்பது உயரம். கொள்ளளவு மில்லியன் கன அடியில் சொல்லப்படும். வினாடிக்கு இத்தனை கன அடி என்பது வரத்து அல்லது வெளியேற்றம். ஒரு கன அடி ஏறத்தாழ 28.3 லிட்டர். மூன்றையும் குழப்பினால் விவசாயிக்குத்தான் இழப்பு. இன்னொரு சறுக்கல்: நீர்மட்டம் பாதி உயரத்துக்கு வந்ததும் 'அணை பாதி நிரம்பியது' என்று எழுதுவது. அணையின் நீர்ப்பரப்பு கீழே குறுகியும் மேலே போகப் போக விரிந்தும் இருப்பதால், பாதி உயரத்தில் பாதித் தண்ணீர் இருக்காது. அதைவிடக் குறைவாகவே இருக்கும். கார் நடவுக்கு விதைநெல் வாங்கலாமா வேண்டாமா என்று அந்த வரியைப் பார்த்து முடிவெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எதை எழுதக் கூடாது என்பதில் சட்டம் சில கோடுகளைப் போட்டிருக்கிறது. பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதை, இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவும், குழந்தையாக இருந்தால் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவும் தடுக்கின்றன. பெயரை மறைத்துவிட்டுத் தந்தையின் தொழில், தெரு, பள்ளி ஆகியவற்றை எழுதினாலும் அது அடையாளத்தை வெளியிட்டதாகவே ஆகும். ஆயிரம் பேர் வாழும் ஊரில் இதற்கு மேல் என்ன துப்பு வேண்டும்? சாதி விஷயத்தில் இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறைகள் பொதுவாகத் தவிர்க்கச் சொல்கின்றன. எங்கள் பக்கத்தில் இது வெறும் நாகரிகம் தொடர்பான பேச்சு அன்று. இரண்டு பேருந்துப் பயணிகளுக்கு இடையே இருக்கைக்காக நடந்த சண்டையில் இருவரின் சாதியையும் சேர்த்து எழுதினால், மாலைக்குள் அது இரண்டு தெருக்களின் சண்டையாகிவிடும். ஆனால், சாதியே குற்றத்துக்குக் காரணமாக இருக்கும்போது அதை மறைத்து 'இரு தரப்பினரிடையே மோதல்' என்று எழுதுவதும் பொய்தான். ஒருவர் அடித்து, மற்றவர் அடிபட்ட இடத்தில் 'இரு தரப்பு' எங்கிருந்து வந்தது? இந்த ஒரு கேள்வியில் மட்டும் என்னிடம் ஆயத்தமான விதி எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

தலைப்பைக் கடைசியில் எழுதுங்கள். முதல் பத்தி சரியாக அமைந்திருந்தால் தலைப்பு அதற்குள்ளேயே இருக்கும். அமையாவிட்டால் எவ்வளவு முயன்றாலும் வராது.

பெயர்களுக்கு வருகிறேன். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால், எங்கள் ஊர்களில் ஒரே தெருவில் நான்கு இசக்கிமுத்துகள் இருப்பார்கள். அவர்களில் இருவர் சித்தப்பா மக்களாகவும், ஏறத்தாழ ஒரே வயதினராகவும் இருப்பார்கள். தந்தை பெயர், வயது, தெரு ஆகிய மூன்றும் சேராமல் ஒரு பெயர் முழுமையாகாது. நிருபராகி மூன்றாவது ஆண்டில், இரவு பதினொரு மணிக்கு வந்த ஒரு சாலை விபத்துச் செய்தியில், இறந்தவரின் தந்தை பெயரைத் தொலைபேசியில் கேட்டு எழுதினேன். மறுமுனையில் இரைச்சல், இரண்டாவது முறை கேட்கச் சோம்பல். காலையில் நாளிதழ் வந்து ஒரு மணி நேரத்துக்குள் என் வீட்டுத் திண்ணையில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். செத்தவரின் பெரியப்பா மகன், அதே பெயர்க்காரர். அம்மா கொடுத்த காபியை வாங்கிக்கொண்டு, "மதுரையிலிருந்து அக்கா மாலை வாங்கிட்டுப் பஸ் ஏறிட்டா தம்பி. வள்ளியூர்லேர்ந்து மச்சான் கிளம்பிட்டாரு. நான் உயிரோட இருக்கேன்னு அவங்களுக்கு யார் துட்டி சொல்லுதது?" என்று கேட்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு தொலைபேசி நிலையத்துக்கு அவரையும் பின்னால் உட்காரவைத்துப் போனேன். மதுரை எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.